நூறாவது ஓடு

அன்று நூலகத்து மாடி அறையில் இருந்தவர்கள்: புத்தகம் எழுதிய ஆவுடைநாயகம், அவர் மனைவி காந்திமதி, தலைமை தாங்க வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மங்களசாமி, மதுரையிலிருந்து ஒரே வேனில் வந்த மன்றத்து இளைஞர்கள் நான்கு பேர், கட்டுப் பிரிக்காத புத்தகங்களோடு அச்சகத்து ஆள், ஐந்தரைக்குப் பூட்டவேண்டும் என்று மூன்று தடவை சொல்லிவிட்ட நூலகர், அகழாய்வுக் காலத்தில் பானையோடு கழுவிய முத்துராக்கு, கேனில் டீ கொண்டுவந்து வாசலோடு நின்றுவிட்டவர். ஆகப் பதினொரு பேர். சீனியப்பனைச் சேர்த்தால் பன்னிரண்டு. ஆனால் அவருக்குத் தன்னைச் சேர்க்காமல் எண்ணித்தான் பழக்கம். எண்ணுகிறவன் கணக்கில் வரமாட்டான் என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அறுபத்தெட்டு வருஷத்தில் அதுவாக வந்து சேர்ந்துவிட்டது. நாற்காலிகள் முப்பது. மூன்றாவது வரிசையில் ஜன்னலோரக் கடைசி நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். எழுந்து போனால் யாருடைய முழங்காலிலும் இடிக்காமல் போய்விடலாம். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுக்கு ஒரு தடவை ‘டக்’கென்றது. நிமிஷத்துக்கு எத்தனை டக் என்று எண்ணத் தொடங்கி, வேண்டாம் என்று விட்டார். எதிரே சுவரில் கட்டியிருந்த பேனரைப் பார்க்காமலிருக்கத்தான் எண்ணத் தொடங்கியதே. பேனரில் ஆவுடைநாயகத்தின் படமும் இல்லை, தலைமையாசிரியர் படமும் இல்லை. கடல் அலை, அதன்மேல் ரத்தச் சிவப்பில் ஒரு குறி: நட்டுவைத்தது போல ஒரு கோடு, வலப்பக்கம் மூன்று சின்னக் கோடுகள். ஓர் ஆள் உயரத்துக்கு இருந்தது. ‘கடல்கொண்ட அரசின் முத்திரை’ என்று அதன் கீழே எழுத்து. இருபதாயிரம் ஆண்டு என்று அதற்கும் கீழே. சுண்டுவிரல் நகம் அளவுக்கு மேல் அந்தக் குறியை அவர் எங்கேயும் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்ன, போட்டதில்லை.

போட்டது அவர்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒட்டங்குளம் மேட்டில் குழி வெட்டினார்களே, அப்போது. வெட்டுகிற வேலைக்கு இடுப்பு ஒத்துவராது என்று அவரை ஓடு எண்ண உட்காரவைத்தார்கள். குழியிலிருந்து வருகிற பானையோடுகளை முத்துராக்குவும் மற்றப் பெண்களும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி வெயிலில் பரப்புவார்கள். வாய் ஓடு தனி, அடி ஓடு தனி, கீறல் இருந்தால் அது ராஜா மாதிரி, தனிப் பையில் போகும். மிச்சமெல்லாம் வெறும் ஓடு. வெறும் ஓட்டை எண்ணி நோட்டில் எழுதிவிட்டு மேட்டுக்குப் பின்னால் கொட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை, அவர் படித்த ஐந்தாம் வகுப்புக்கு அது போதும். முதல் வாரத்திலேயே ஒரு நாள், மூவாயிரத்து எண்ணூற்றுச் சொச்சத்தில் இருக்கும்போது டிராக்டர் ஓட்டுகிறவன் வந்து தீப்பெட்டி இருக்கா என்று கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினால் எண் போய்விட்டது. எண்பதா, எழுபதா. அப்படியே அந்தரத்தில் நின்றது மனசு. உத்தேசமாக ஒன்றை எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள், கொட்டப் போகிற ஓடு. ஆனால் அவருக்குச் சோறு இறங்கவில்லை. முதலிலிருந்து எண்ணினார். பொழுது இறங்கி எல்லோரும் போன பின்னும் எண்ணினார். மூவாயிரத்து எண்ணூற்று எழுபத்தெட்டு. மறுநாளிலிருந்து, நூறாவது ஓடு கைக்கு வந்ததும் ஆணியால் அதில் ஒரு குறி போட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டார். யார் வந்து என்ன கேட்டாலும், குறி போட்ட ஓட்டிலிருந்து தொடங்கிக்கொள்ளலாம். ஒரு தடவை அப்படிக் குறி போட்ட ஓடு ஒன்று தவறிப்போய்க் கீறல் ஓட்டுப் பைக்குள் விழுந்துவிட்டது. ஓடிப்போய்க் குழிக்குப் பொறுப்பான அதிகாரியம்மாவிடம் சொன்னார். வேலை போகும் என்று நினைத்துக்கொண்டேதான் சொன்னார். அந்தம்மா லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, ‘ஓரம் புதுசா இருக்கே, நாங்களே பிடிச்சிருப்போம்ய்யா’ என்று சிரித்து, ஓட்டை வெளியே வீசிவிட்டு, இனிமேல் சாக்கட்டியால் போடுங்கள், ஆணி வேண்டாம் என்றார். அன்றோடு ஆணியை விட்டார். அதுவரை ஆணியால் போட்டவை இருநூற்றுப் பன்னிரண்டு. அதிகாரியிடம் ஓடிப்போய்ச் சொல்ல அன்றைக்குக் கால் இருந்ததே. அதே கால்தானே இது. நாற்காலிக்குக் கீழே செருப்பைக் கழற்றிப் பாதங்களைச் சிமெண்டுத் தரையில் வைத்துப் பார்த்தார். தரை சில்லென்று இருந்தது.

கோடு ஒன்று போட்டிருக்கலாம். கூட்டல் குறி போட்டிருக்கலாம், பெருக்கல் குறி போட்டிருக்கலாம். ஏன் அந்த மூன்று சின்னக் கோடு. இதை நினைத்தால்தான் அவருக்குக் காது மடல் சுடும். அவருடைய அப்பா ஊருக்கு வெளுத்தவர். வீட்டுக்கு ஒரு குறி. சேங்கொட்டைப் பாலில் ஈர்க்கைத் தோய்த்து வேட்டி ஓரத்தில் வைத்துவிட்டால் துணி கிழிந்தாலும் குறி போகாது. மேலத்தெரு கணக்குப்பிள்ளை வீட்டுக்கு இரண்டு புள்ளி, மளிகைக்கடை வீட்டுக்கு ஒரு வளைவு, மணியக்காரர் வீட்டுக்குக் கோட்டின்மேல் ஒரு புள்ளி. ஐம்பத்தேழு வீட்டுக் குறி அப்பாவுக்கு மனப்பாடம். சீனியப்பனுக்கும்தான். ஏழு வயதிருக்கும்போது, நம்ம வீட்டுக்கு என்னப்பா குறி என்று கேட்டார். நமக்கு எதுக்குடா, வந்த துணியெல்லாம் போனப்புறம் மிச்சம் கிடக்கிறதுதான் நம்ம துணி என்றார் அப்பா. அப்பா அதை வருத்தமாகச் சொல்லவில்லை, வெள்ளாவிப் பானைக்கு விறகு தள்ளிக்கொண்டே சொன்னார். ஆனாலும் அன்று மத்தியானம் துறை மணலில் குந்தி விரலால் ஒரு குறி போட்டுப் பார்த்தார். ஐம்பத்தேழில் எதன் சாயலும் வரக்கூடாது. போட்டு அழித்து, போட்டு அழித்து, கடைசியில் நட்டமாக ஒரு கோடும் பக்கத்தில் மூன்றும் நின்றது. அப்பா, அம்மா, தான் என்று மூன்று. அது ஒரு துணியிலும் ஏறவில்லை. ஐம்பத்தைந்து வருஷம் கழித்து, யாரோ செத்துப்போன குயவன் செய்த பானையின் உடைசலில், நூற்றுக்கு ஒன்றாக, அவர் கையே அதைப் போட்டுக்கொண்டது. ஏன் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. யாருக்கும் காட்டப்போவதில்லை, கொட்டிவிடப்போகிற ஓடு. இப்போது அது ஆள் உயரத்துக்குச் சிவப்பாக நிற்கிறது. ராஜாவின் முத்திரையாம். மணியக்காரர் வீட்டுக் குறியாக இருந்தாலாவது ஒரு பொருத்தம் இருந்திருக்கும்.

ஆவுடைநாயகம் மைக்குக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார். மைக் வேலை செய்யவில்லை, ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார். தெற்கே ஒரு பெருநிலம் இருந்தது. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் அதை விழுங்கியது. தப்பியவர்கள் ஒரு கூட்டம் வடக்கே வந்தார்கள், ஒரு கூட்டம் கிழக்கே படகேறிப் பசிபிக் தீவுகள் வரை போனார்கள். அங்கே மரப்பலகையில் செதுக்கியிருக்கும் எழுத்தில் இதே குறி இருக்கிறது. செல்போனைத் தூக்கிப் படத்தைக் காட்டினார். இந்தப் பேச்சில் எந்த இடத்தில் அவர் குரல் கம்மும், எந்த இடத்தில் மூக்கைத் துடைத்துக்கொள்வார் என்று சீனியப்பனுக்குத் தெரியும். எழுபத்தொரு ஞாயிற்றுக்கிழமை கேட்டது. அகழாய்வு முடிந்து குழியை மூடிவிட்டுப் போன பின்னும் காலையில் மேட்டுப்பக்கம் போய்வருவது சீனியப்பனுக்கு வழக்கமாகிவிட்டது, வீட்டில் வேறு யாரும் இல்லை, மகள் திருப்பூரிலிருந்து வெள்ளிக்கிழமை பேசுவாள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் வந்து இறங்கியவர்தான் ஆவுடைநாயகம். டெலிபோனில் லைன்மேனாக முப்பத்தொரு வருஷம் கம்பம் ஏறியவர். ஊர் முழுக்கத் தான் இழுத்த கம்பியைத் தான் ஓய்வு பெறுவதற்குள் கழற்றிச் சுருட்டி எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்று சொல்லிச் சிரிப்பார். மகன் பேசுவதில்லை, அதைச் சொல்லிச் சிரிக்கமாட்டார். மொபெட்டிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து, மூடியில் ஊற்றி, வாங்க அண்ணே, உட்காருங்க என்றார். உட்காருங்க என்று ஒருவர் சொல்லி எத்தனை நாள் ஆகிறது என்று அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சீனியப்பன் எண்ணிப்பார்த்தார், எண்ண முடியவில்லை. அவர் எண்ணித் தோற்ற சில கணக்குகளில் அது ஒன்று.

மூன்றாவது ஞாயிறு, கொட்டிய குவியலைக் கிளறிக்கொண்டிருந்த ஆவுடைநாயகம் ஓர் ஓட்டை எடுத்துத் துடைத்தார். மூன்று மழை நனைந்து கீறல் ஓரமெல்லாம் கறுத்துப் பழசாகியிருந்தது. அண்ணே, இதைப் பாருங்க. பதினோரு வருஷம் தேடுறேன் அண்ணே, இந்த வடிவத்தை. கண்ணில் தண்ணீர். சீனியப்பன் வாயைத் திறந்தார். திறந்தது நன்றாக நினைவிருக்கிறது, உள்ளே காற்றுப் போனதுகூட. அது நான் போட்டது சார் என்று வரவேண்டிய இடத்தில், பழசுதான் சார் என்று வந்தது. இரண்டே வார்த்தை. அதையும் பிறகு எத்தனையோ தடவை பிரித்துப் பார்த்திருக்கிறார். ஓடு பழசுதானே. ஓட்டைச் சொன்னேன், குறியைச் சொல்லவில்லை. பொய் என்று ஆகாது. ஆனால் வாய் திறந்த நேரத்துக்கும் வார்த்தை வந்த நேரத்துக்கும் நடுவில் பிளாஸ்க் மூடியில் இருந்த டீயைப் பார்த்தாரே, அது என்ன? அடுத்த ஞாயிறும் இந்த மனுஷர் வருவாரா என்று பார்த்ததுதானே அது. வந்தார். அதன் பிறகு தவறாமல் வந்தார். ஒரு ஞாயிறு ஓர் ஓடு கிடைக்கும், ஒரு ஞாயிறு ஒன்றும் கிடைக்காது, ஒரு தடவை மூன்று கிடைத்தது, அன்று இருவரும் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இட்லி சாப்பிட்டார்கள். ஒவ்வொன்று கிடைக்கும்போதும் சந்தோஷமும் வரும், பயமும் வரும், எது எதற்கு என்று பிரிக்கத் தெரியாது. தானாக ஒன்றைக்கூட எடுத்துக் கொடுத்ததில்லை. தன் காலடியில் கிடந்தாலும் நகர்ந்துகொள்வார். புதிதாக ஒன்று போட்டதும் இல்லை. மழைக்காலத்தில் ஐந்து ஞாயிறு ஒன்றுமே அகப்படாமல், ஆவுடைநாயகம், இனி விட்டுடலாமோ என்னமோ என்று மொபெட்டை மிதித்தபோது சீனியப்பனுக்கு ஆணி ஞாபகம் வந்தது. பரணில்தான் இருந்தது. ராத்திரி முழுக்கப் பரணைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாரே தவிர ஏறவில்லை. அதையாவது யாராவது எண்ணிக்கொள்ளட்டும்.

முத்துராக்கு பின்வரிசையிலிருந்து எழுந்து அவர் பக்கத்து நாற்காலிக்கு வந்தாள். டீ டம்ளரோடு குனிந்து, ‘யண்ணே, அந்த பேனர்ல இருக்கது ஒங்க கிறுக்கல்ல?’ என்றாள். அவள் டீயை உறிஞ்சிவிட்டு, தான் பிரஷ் தேய்த்த கணக்குக்குத் தனக்கும் ஒரு கடல் அம்மன் பட்டம் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று முணுமுணுத்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இவளுக்குத் தெரியும். அப்படியானால் அன்று முற்றத்தில் கழுவிய மற்ற எட்டுப் பெண்களுக்கும் தெரிந்திருக்கும். அதிகாரியம்மாவுக்குத் தெரியும். தெரியாதவர் ஒருவர்தான், அவர் அங்கே வேலை செய்யாத மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மன்றத்து இளைஞர்களுக்குத் தலைவன் இளந்திரையன் எழுந்து, அடுத்த மாதம் மதுரையில் பெரிய கூட்டம் என்றான், இந்த முத்திரையைக் கொடியில் ஏற்றப் போகிறோம், அதிகாரிகள் ஏன் இதைக் குப்பையில் கொட்டினார்கள் என்று கேட்கப்போகிறோம் என்றான். கேட்பார்கள். அந்தம்மா லென்ஸை எடுப்பார். ஆயிரம் பேருக்கு முன்னால் இந்த மனுஷரின் மூஞ்சி என்ன ஆகும். இங்கே பதினொரு பேர்தான். சொன்னால் இங்கேதான் சொல்லவேண்டும். சொன்னால் அடுத்த ஞாயிறு மொபெட் சத்தம் கேட்காது. ஏழேகாலுக்கு அந்தச் சத்தம் பாலத்தில் ஏறும்போதே அவருக்குக் கேட்டுவிடும். ஏழேகாலிலிருந்து பதினொன்று வரைக்கும் ஒரு மனுஷன் கூட இருப்பார். வாரத்தில் அது எத்தனை மணி நேரம்? மூன்றே முக்கால். மிச்ச நேரத்தை எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, மிச்சமெல்லாம் ஒன்றுதான். புத்தகத்தை மடியில் பிரித்து வைத்திருந்தார். முதல் பக்கத்தில், ‘குவியலில் கூட இருந்த சீனியப்பன் அண்ணனுக்கு’ என்று அச்சாகியிருந்தது. ரேஷன் அட்டைக்கு வெளியே அவர் பெயர் அச்சில் வந்தது இது முதல் தடவை. ரேஷன் அட்டையில் ‘சினியப்பன்’ என்று இருக்கும். இதில் சரியாக இருந்தது.

ஆவுடைநாயகம் இப்போது அவரைப் பார்த்துக் கையை நீட்டினார். இதோ உட்கார்ந்திருக்கிறாரே, இவர் இருபத்தையாயிரத்துக்கு மேல் ஓடு எண்ணியவர் என்றார். ஓர் எண் தவறிப்போய், கொட்டப்போற ஓடுதானே என்று விடாமல், பொழுது சாய்ந்து தனியாக உட்கார்ந்து முதலிலிருந்து எண்ணிய மனுஷர், நம் ஊரில் இப்படி இன்னொருவரைக் காட்டுங்கள் என்றார். அந்தத் தீப்பெட்டிக் கதையைச் சீனியப்பன் அவருக்கு ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார், பத்தாவது ஞாயிறோ என்னவோ. இத்தனை பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். ‘அண்ணன் ஒண்ணைச் சொன்னா அதுல ஒரு ஓடு கூடாது, ஒரு ஓடு குறையாது. அவரே சொல்லட்டும்’ என்றார். பேசாமல் இருந்துவிடலாம் என்று அதுவரை சீனியப்பன் உள்ளுக்குள் ஒரு மூலை வைத்திருந்தார். அந்த மூலை போய்விட்டது. குறியை விட்டுவிடலாம், அது மணலில் போட்ட விளையாட்டு. முத்திரை என்றால் முத்திரையாகப் போகட்டும். ஆனால் எண்ணிக்கையைக் கொண்டுவந்து அதற்குச் சாட்சி வைத்துவிட்டாரே. அது ஒன்றுதானே கையில் இருந்தது. எழுந்தார். வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தது எழுந்து போவதற்கு, முன்னால் போவதற்கு அல்ல. முன்னால் போகவில்லை, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சொன்னார்.

‘அந்தக் குறி நான் போட்டது சார். எண்ணும்போது நூத்துக்கு ஒண்ணு போட்டேன், ஆணியால. ராஜா போடலை.’

மின்விசிறி இரண்டு தடவை ‘டக்’கென்றது. காந்திமதி செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். ஆவுடைநாயகம் மைக்கை விடவில்லை, அவர் முகம் மட்டும் கம்பத்தின் உச்சியிலிருந்து கீழே பார்ப்பவரின் முகம் போல ஆயிற்று. தலைமையாசிரியர்தான் தொண்டையைச் செருமி, நூத்துக்கு ஒன்று என்று போட வேறு குறியா இல்லை, இந்த வடிவம் ஏன் என்று பாடம் கேட்பது போலக் கேட்டார். கேட்டதற்குப் பதில் சொல்லித்தானே பழக்கம். சீனியப்பன் சொன்னார். அப்பா வெளுத்ததைச் சொன்னார், ஐம்பத்தேழு வீட்டைச் சொன்னார், துறை மணலைச் சொன்னார். யாரிடமும், செத்துப்போன மனைவியிடம்கூட, சொல்லாதது அது. சொல்லச் சொல்லக் காது மடல் சுடவில்லை, அது அவருக்கே ஆச்சரியம். ஏழு வயசு, யாரும் சொல்லிக்கொடுக்கலை, நானாப் போட்டுப் பார்த்தது என்று முடித்து உட்காரப் போனபோது இளந்திரையன் எழுந்தான். கண்கள் பளபளத்தன. ஐயா சொன்னதைக் கேட்டீர்களா என்றான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு ஏழு வயதுப் பிள்ளையின் கையில், கடல்கடந்த தீவில் இருக்கும் அதே எழுத்து வந்திருக்கிறது, எங்கிருந்து வந்தது, ரத்தத்திலிருந்து வந்தது என்றான். ஓட்டில் இருப்பதைக் காட்டிலும் பெரிய ஆதாரம் உயிரோடு ஐயா வடிவத்தில் நம் முன்னால் நிற்கிறது. நான்கு பேரும் கைதட்டினார்கள். அச்சகத்து ஆளும் தட்டினார். தலைமையாசிரியர் அருமை, அருமை என்றார். முத்துராக்கு வாய்விட்டுச் சிரித்ததும் கைதட்டலோடு சேர்ந்துபோயிற்று. இல்லை தம்பி, அது மூணு பேர், அப்பா அம்மா நான் என்று சீனியப்பன் சொன்னது பக்கத்திலிருந்த அவளுக்கு மட்டுமே கேட்டிருக்கும். இத்தனை வருஷம் அடைத்து வைத்ததைத் திறந்துவிட்டாயிற்று, அது எங்கேயும் போய்ச் சேரவில்லை. பொய்யை நம்பினார்கள், சரி. உண்மையையும் அதே பொய்யாக நம்பினால் மனுஷன் எங்கே போய் நிற்பது? சுற்றிலும் ஆள் இருந்தது. மேட்டில் தனியாக நிற்கும்போதுகூட இத்தனை தனியாக இருந்ததில்லை. இளைஞர்கள் புத்தகத்தைப் பிரித்து நீட்டி, ஐயா கையாலேயே அந்தக் குறியைப் போட்டுத்தாருங்கள் என்று பேனாவைத் திணித்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டுக்கு மேல் ஒன்றுகூடப் போடுவதில்லை என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது. நான்கு புத்தகத்திலும் தன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதிக்கொடுத்தார். செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வேனுக்கு இறங்கினார்கள்.

ஐந்தரைக்கு நூலகர் சாவிக்கொத்தைக் குலுக்கினார். காந்திமதி முன்னால் இறங்கிப் போய் மொபெட்டுக்குப் பக்கத்தில் நின்றார். ஆவுடைநாயகம் விற்காத புத்தகக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினார். நான்காவது படியில் நின்றார். அவரும் கைதட்டலோடு சேர்ந்து சிரித்ததைச் சீனியப்பன் பார்த்திருந்தார். இப்போது அந்தச் சிரிப்பு இல்லை. அவர் நம்பவில்லை, அந்த ரத்தக் கதையை இவர் நம்பவில்லை, அறையில் இருந்தவர்களில் தான் சொன்னது காதில் விழுந்த ஒரே ஆள் இவர்தான் என்று சீனியப்பனுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஏதாவது சொல்லவேண்டும். மன்னிச்சிருங்க என்றால் அது சின்னதாக இருக்கும். டீயைச் சொல்லலாமா, பிளாஸ்க் மூடியைச் சொல்லலாமா. உட்காருங்க என்று நீங்கள் சொன்னீர்களே, அதனால்தான் என்றால் புரியுமா.

‘எழுபது ஞாயிறு வந்தேனே அண்ணே’ என்றார் ஆவுடைநாயகம், திரும்பாமல். ‘ஒரு ஞாயிறு எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல.’

‘எழுபத்தொண்ணு சார்.’

ஆவுடைநாயகத்தின் தோள் ஒரு தடவை குலுங்கியது. சிரித்தாரா, வேறா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. கட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். கீழே காந்திமதி ஹாரனை ஒரு தடவை அழுத்தினார். நாற்பத்து மூன்று ஓடு வீட்டில் அட்டைப்பெட்டிக்குள் பஞ்சில் வைத்திருக்கிறேன், அதை என்ன செய்ய என்று கேட்பார் என்று சீனியப்பன் எதிர்பார்த்தார். அவர் அதைக் கேட்கவில்லை. இரண்டு படி இறங்கினார்.

‘இன்னும் அங்க எத்தனை கெடக்கு?’

கழித்துப் பார்க்கக்கூடத் தேவையில்லை, ஒவ்வொரு ஞாயிறும் வீடு திரும்பும் வழியில் கழித்துக்கொண்டே வந்த எண் அது. ஆனாலும் தவறிவிடக்கூடாது என்று நின்று மனசுக்குள் ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டு, சீனியப்பன் சொன்னார்.

‘நூத்தி அறுபத்தொம்பது.’